மூன்றாவது நிமிடத்தில்

தூக்கம் வராத இரவு, ஈசூனில் பதினோராம் மாடி.
போனில் ஒரு பாட்டு முடியும்போதே
இன்னொன்றைக் கையோடு கூட்டி வருகிறது.

தோள்வரை முடி வளர்த்த மலாய் ராக் பையன்கள்
அவ்வளவு புகையிலும் இருமாமல் பாடுகிறார்கள்.
அடுத்து மினுமினுப்புச் சட்டை டிஸ்கோ.
அப்புறம் நம்முடையது ஒன்று:
மழையில் கதாநாயகி மட்டும் நனைகிறாள்,
பின்னால் ஆடுகிற பதினாறு பேரும் காய்ந்தே இருக்கிறார்கள்.

பிறகு ஒரு சீனக் காதல் சோகம்.
கராவோக்கே வட்டுக்கென்று யாரோ மலிவாக எடுத்தது.
தோ பாயோ பஸ் நிலையத்தில் ஒருத்தி அழுகிறாள்.
மூன்றாவது நிமிடத்தில் அவளுக்குப் பின்னால்
தொழிற்சாலைச் சீருடையில் இரண்டு பெண்கள்
பையில் கட்டிய மைலோவை உறிஞ்சியபடி
குறுக்கே போகிறார்கள்.

நிறுத்தினேன். பின்னுக்கு இழுத்தேன்.

இடப்பக்கம் நடப்பது நான்.
அந்த நடைக்காகத்தான் என் மகளை நேற்றும் திட்டினேன்.

வலப்பக்கம் ரோஸ்னா.
டிவி கம்பெனியில் பக்கத்து நாற்காலி.
ஈயம் உருகும் வாசனைக்கு நடுவே
அவள் பாட்டை நானும் என் பாட்டை அவளும்
அர்த்தம் கேட்காமலே மாற்றிக்கொண்டோம்.
தொண்ணூற்றிரண்டில் கம்பெனி பாத்தாமுக்குப் போனது.
அவள் எங்கே போனாள் என்று
நான் யாரிடமும் கேட்கவில்லை.

நாலே நொடி.
அவள் ஏதோ சொல்கிறாள், நான் குலுங்கிச் சிரிக்கிறேன்.
என்ன சொன்னாள்?
அதன்மேல் முழுக்க இன்னொருத்தியின் துயரம்,
எனக்குப் புரியாத மொழியில், நல்ல குரலில்.

சத்தத்தை முழுசாகக் குறைத்தேன்.
அப்போதும் கேட்கவில்லை.

பழையபடி ஏற்றிவிட்டு
மறுபடியும் எங்களை நடக்கவிடுகிறேன்,
அந்தத் தூண் வந்து மறைக்கும்வரை.