நீலம் நான்கு வாளி

பொருட்பட்டியலில் நீலம் நான்கு வாளி
என்று எழுதியவன் நான்தான்.
மூன்று இன்னும் திறக்கவே இல்லை.

மட்டக்குளி, தரம் ஏழு பீ.
கதிரை மேசைகளை விறாந்தையில் அடுக்கிவிட்டுத்
தரை நீளத்துக்குக் காடாத்துணி விரித்தோம்.
களனி கங்கையை வரையுங்கள் என்றேன்.
ஒருவரும் குனியவில்லை.

“சேர், எங்கட ஆறு நீலமில்லை.”
கிங்ஸ்லி.
பிறகு என்ன நிறமடா?
பால் கூடின தேத்தண்ணி என்றாள் ஒருத்தி.
இல்லை, மழைக்கு அடுத்த நாள் செங்கல் தூள்.
குழாய் வந்து விழுகிற இடத்தில்
வியாழக்கிழமைகளில் மட்டும் கத்தரிப்பூ.
ஏன் வியாழன் என்று நான் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

எழும்பிப் போனோம்.
ஜாம் போத்தல்களில் கரை மண் அள்ளினோம்.
பதினொரு போத்தல், பதினொரு பழுப்பு.
முகத்துவாரத்து மணல்திட்டு
தவணைக்குத் தவணை புரண்டு படுக்கிறது.
போன நத்தாருக்குக் குளித்த இடம் என்று
ஷெரீன் காட்டிய இடத்தில்
இரண்டு நாய்கள் நித்திரை.

மண்ணில் பசை கலந்து பூசினோம்.
காயக் காய ஆறு வெடித்தது.
வெடித்தபடியே இருக்கட்டும் என்று
கை உயர்த்தி முடிவெடுத்தார்கள்.
புதுப்பாலத்துக்குத் தூண்கள் மட்டும்.
எங்கட வீட்டிலயிருந்து அதுதான் தெரியும், சேர்.

ருஷ்தா துணிக்குள் நிற்கவில்லை.
விளிம்பு தாண்டி, சீமெந்து தாண்டி
பழுப்போடு சுவரில் ஏறினாள்.
கை எட்டாமல் போக
வெளியிலிருந்து ஒரு கதிரையை இழுத்துவந்து
அதன்மேல் நின்று
நேர்கோடு ஒன்று கீறினாள்.
“வாப்பாட நெஞ்சு மட்டும் வந்தது.
நான் தோள்ல இருந்தன். சின்னன்.”

அதிபர் வந்து பார்த்தார்.
துணி நல்லம். சுவர்?

மறுநாள் காலை சுண்ணாம்பு வாளியோடு செபமாலை.
பள்ளிக்கூடத்தைக் கூட்டுகிறவர், பூட்டுகிறவர்.
கோட்டுக்கு முன்னால் நின்றார்.
வாளியைக் கீழே வைத்தார்.
“இது பிழை,” என்றார்.
கோட்டுக்கு மேலே நான்கு விரல் வைத்து
“எங்கட தோட்டத்தில இவ்வளவு.”
கையிலிருந்த தூரிகையாலேயே
அந்த உயரத்தில் இழுத்தார்.

வெள்ளைச் சுவரில் வெள்ளைக் கோடு.
ஈரம் காயும்வரை தெரிந்தது.

பழுப்பில் அவர் கைவைக்கவில்லை,
அன்றைக்கு.

மிச்ச நீலத்தைக்
கழிப்பறைக் கதவுகளுக்கு அடிக்கலாமா என்று
அதிபர் கேட்டிருக்கிறார்.