இரண்டே அழுத்து

கத்தியது நான்.
அடித்தது அவன்.
கரப்பான் சோபாவுக்கு அடியில் போய்விட்டது,
இரவு பதினொன்றே கால்.

எலுமிச்சைப் படம் போட்ட டப்பா.
இரண்டே அழுத்து,
அதுவும் எதிர்ச்சுவரின் ஓரம்.
தொட்டிக்குக் கண்ணாடி மூடி உண்டு.
ஒரு துளி உள்ளே விழவில்லை,
நான் பார்த்தேன்.

மூடி தடுத்ததை
ஸ்கிம்மர் உள்ளே கூப்பிட்டது.
தொட்டிக்குக் கீழே அலமாரிக்குள் உட்கார்ந்து
இரவும் பகலும் அது
எங்கள் கூடத்துக் காற்றை இழுத்துப்
பொடி நுரையாக்கித்
தண்ணீருக்குள் ஊதிக்கொண்டே இருக்கும்.
வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி,
சம்பால் கிளறிய காரம்,
புகைமூட்ட மாதத்தின் கரி,
நாங்கள் பேசாமலிருந்த நாட்களின் பெருமூச்சு
எல்லாம் குடித்துத்தான் வளர்ந்தன என் பவளங்கள்.
இதையும் குடித்தன.

பன்னிரண்டு அடிக்கும் முன்பே
சுத்தக்கார இறால் மல்லாந்து
வெள்ளை மீசை வெட்டி வெட்டி இழுத்தது.
துறவி நண்டு ஓட்டைத் துறந்து வெளியே கிடந்தது,
வெந்த கொண்டைக்கடலை அளவுக்கு
அம்மணமாய்.
கோமாளி மீன்கள் மட்டும்
ஒன்றும் நடக்காதது போல
என் விரலைப் பார்த்துத் தீனி கேட்டன.
அவற்றின் முறை இன்னும் வரவில்லை.

டப்பாவைத் திருப்பிப் படித்தேன்.
ஆறு கால் பூச்சிக்கு என்றிருந்தது.
பத்துக் காலும் அதற்குப் பங்காளிதான் என்று
எந்த மூலையிலும் அச்சடிக்கவில்லை.

வயரைப் பிடுங்கினேன்.
ஜன்னல்கள், மின்விசிறி, வாசல் கதவு.
கார்பன் பையை அலச அலசக்
கறுப்பு வந்துகொண்டே இருந்தது.
கலந்து வைத்த உப்புத் தண்ணீர் இரண்டு வாளி.
வேண்டியது பன்னிரண்டு.
குழாயைத் திறந்தால் வருவது
மனிதர் குடிக்க நல்ல தண்ணீர்,
இதுகளுக்கு இன்னொரு விஷம்.

ஹோக் செங்குக்கு அடித்தேன்.
பிடோக்கில் இருக்கிறான், இரண்டே தடவை பார்த்தது.
காளான் பவளத் துண்டொன்றை
எட்டு வெள்ளிக்கு விற்றவன்.
"எத்தனை லிட்டர்?" என்றான்.
ஏன் என்று கேட்கவில்லை.

ஒன்றே முக்காலுக்கு
சுவா சூ காங்கில் எங்கள் மாடியில் லிஃப்ட் திறந்தது:
தீவின் அந்தக் கோடியிலிருந்து
தள்ளுவண்டி, எட்டுக் கேன், தூக்கக் கால்சட்டை.

இளம்பரிதிக்கு இந்தத் தொட்டி ஆகாது.
மின்கட்டணத் தாளை
இதன் கண்ணாடியில்தான் ஒட்டி வைப்பான்.
அவன்தான் மண்டி போட்டுக்
குழாய் நுனியை வாயில் வைத்து உறிஞ்சினான்.
துப்பினான். மறுபடி உறிஞ்சினான்.

"கசக்குதா?"
"தெரியல. உப்பா இருக்கு."
கொஞ்சம் கழித்து,
"நீ கத்தாம இருந்திருக்கலாம்."
"நீ அடிக்காம இருந்திருக்கலாம்."

ஹோக் செங்குக்குத் தமிழ் தெரியாது.
தெரிந்தவன் போல
வாளிக்குள் பார்த்துக்கொண்டிருந்தான்.

விடியும்போது பாதிக் கடல்
எங்கள் கழிவறை வழியே
பன்னிரண்டு மாடி இறங்கியிருந்தது.
இறாலைத் தயிர் டப்பாவில் போட்டு மூடினேன்.
எங்கே கொண்டுபோவது என்று தெரியாமல்
நாள் முழுக்க ஃபிரிட்ஜில் இருந்தது அது,
கறிவேப்பிலைக்குப் பக்கத்தில்.

மூன்றாம் நாளும் கார்பன் மாற்றினேன்.
நான்காம் நாளும்.
எல்லாம் மூடியே இருந்தன,
கோபித்துக்கொண்ட வீட்டில்
அறைக் கதவுகள் போல.
ஆறாம் நாள் பச்சை நட்சத்திரப் பவளத்தின் ஓரத்தில்
நான்கு இழை, இல்லை ஐந்து.
அவனைக் கூப்பிட்டேன்.
எண்ணிப் பார்த்தான். ஏழு என்றான்.
ஒட்டியிருந்த தாளைக் கிழித்தான்,
"மறைக்குது."

அன்று ராத்திரி
அதே கரப்பான், அல்லது அதன் உறவு,
தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே வந்து நின்றது,
மீசையை ஆட்டிக்கொண்டு,
அசப்பில் இறால்.

நான் என் வாயைப் பொத்திக்கொண்டேன்.
அவன் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி
அடிப்பதா வேண்டாமா என்று
என்னைப் பார்த்தான்.