நாலு விரல்

அநுராதபுரச் சந்தி தாண்டி
தயாபரனின் கராஜில்
மூன்று மணித்தியாலமாக நிற்கிறேன்.
என் பழைய ஹைலக்ஸ் ஜக்கின் மேல்,
கால் கழற்றிய நண்டு மாதிரி.

கறுப்பு அலோய் அழகுதான்.
"கல்லில அடிச்சா வெடிக்கும்.
இரும்பு றிம் எண்டா நடுரோட்டிலயே
சுத்தியலால தட்டி எடுக்கலாம்" என்கிறான்.
இரும்பை உப்புத் தின்னுமே.
கொட்பேயில் காற்றுக்கும் உப்புப் போட்டிருக்கிறது.

முப்பத்திமூன்று டயர் என்றால் மட்கார்ட் வெட்டவேண்டும்,
மீட்டரும் பொய் சொல்லும்:
நூறு ஓடினால் எண்பத்தெட்டுக் காட்டும்.
தம்புள்ளை கிட்ட வந்துவிடும்,
டீசல் அதை நம்பாது.
முப்பத்தொன்று போதும்.

சல்லிக் கடற்கரை மணலுக்கு அகலம் வேண்டும்
(சல்லியும் வேண்டும், அதுதான் இல்லை).
மாரியில் குச்சவெளி வெள்ளத்துக்கு உயரம் வேண்டும்.
இரண்டு அங்குலம் தூக்கச் சொன்னேன்.

பின்பக்கம் முடிந்த நேரம்
அருளப்பு வந்தான்,
ஐஸ் தண்ணீர் சொட்டும் சாரத்தோடு.
என் மீன்பெட்டிகளை ஏற்றுகிறவன்.
பின்கதவை இறக்கினான்,
கிட்டப் போய் நின்று பார்த்தான்.
நேற்றுவரை தொப்புளுக்கு நேராக இருந்த விளிம்பு
நாலு விரல் மேலே.

பெட்டி முப்பது கிலோ.
விடியமுன் நாற்பது பெட்டி.
கழுத்தைத் திருப்பாமல்
தோளோடு சேர்ந்து திரும்பி என்னைக் கேட்டான்:
"மாரி மூண்டு மாசம்தானே, முதலாளி?"

றிம் நல்லா இருக்கு என்றும் சொன்னான்.

தயாபரன் ஸ்பனரோடு காத்திருக்கிறான்.
முன்பக்கம் இன்னும் ஜக்கில்.