ஒரு புள்ளி அளவில்

எழுத்தளவுப் பட்டியல் எட்டில்தான் தொடங்கும்.
அதற்குக் கீழே படி இல்லை என்றே இருந்தேன்.
பெட்டிக்குள் சொடுக்கி நீயே எண்ணைத் தட்டு
என்றாள் நெலிடா.
ஆறு. நாலரை. மூன்று.
வாய் திறக்காமல் வாங்கிக்கொண்டது.
சுழியம் கொடுத்தபோதுதான் மறித்தது:
ஒன்றுக்கும் ஆயிரத்து அறுநூற்று முப்பத்தெட்டுக்கும்
இடையில் ஏதாவது சொல்.

பைசாந்தூவில் ஆறு வடிந்து பதினோரு நாள்.
எங்கள் காப்பீட்டு அலுவலகப் படிக்கட்டில்
நான்காம் படிவரை சேற்றுக்கோடு.
மாடியில் நான் மறுப்புக் கடிதம் அடிக்கிறேன்.
தலைப்பு பதினாறு, தடித்து.
"வருந்துகிறோம்" பன்னிரண்டு.
விதிகள் நாலரை.

ஒன்பதாம் விதி:
வானத்திலிருந்து விழுந்தால் மழை,
வாசல்வழியே வந்தால் ஆறு,
ஆற்றுக்கு நாங்கள் பொறுப்பல்ல.
பதினாலாம் விதி:
சாக்கடை எதிர்த்து ஏறிய தண்ணீருக்குப் பணம் உண்டு,
முப்பது நாளுக்குள் கேட்டால்.

இரண்டாம் தாளுக்குத் தபால்செலவு யார் தருவது,
சுருக்கு, இன்னும் சுருக்கு என்றார் மேலாளர் பெருட்டி.
நாலரை மூன்றானது.
அச்சில், வட்ட எழுத்துகளின் வயிறெல்லாம்
மை அடைத்துக்கொண்டது.
விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தாலும்
ஒன்பதா பதினாலா, தெரியாது.

கையெழுத்துக்குக் கீழே ஒரு கோடு போடுவது வழக்கம்.
வெள்ளிக்கிழமை மாலை,
மாத்தே குவளை ஆறிப்போயிருந்தது,
நான் கோடு போடவில்லை.
ஒன்று என்று தட்டி
எழுதினேன்:
பதினாலைப் பிடியுங்கள், முப்பது நாள்தான்,
பதினாலைப் பிடியுங்கள், முப்பது நாள்தான்,
இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை.

திரையில் அது சாம்பல் நூல்.
எங்கோ ஒரு பிழை போலும்,
சிவப்பு அலை ஒன்று நெளிந்தது,
எழுத்தைவிட உயரமாய்,
எழுத்தை மூழ்கடித்து.
எந்தச் சொல் என்று பார்க்க
ஐந்நூறு விழுக்காடு பெரிதாக்கினேன்.
ஐந்நூறிலும் அது ஐந்து புள்ளிதான்.
பிழையோடே அனுப்பினேன்.

இருநூற்றுப் பன்னிரண்டு கடிதம்.
யாரும் எதுவும் கேட்கவில்லை.
இருபது நாள் போனது.
வீதியில் மெத்தைகள் காய்ந்தன,
காயாதவை குப்பைவண்டி ஏறின.
ஒரு கோட்டை யார் உற்றுப்பார்ப்பார்கள்?
மனச்சாட்சிக்குச் சில்லறை கொடுத்துவிட்டு
நல்லவளாய் நடந்துகொண்டிருந்தேன்.

இருபத்தாறாம் நாள் ஒரு மனு.
வால்கிரியா எச்செகோயன், பியானோ சுதி சேர்ப்பவர்,
பார்வை இல்லை,
தபால் வேண்டாம், மின்னஞ்சலில் அனுப்பு
என்று முன்பே எழுதிக்கேட்ட ஒரே ஆள்.
அவருடைய கணினி கடிதத்தை
அவருக்குப் படித்துக்காட்டியிருக்கிறது.
படிக்கும் குரலுக்குப் பதினாறும் ஒன்றும்
ஒரே சத்தம்.
கையெழுத்து முடிந்த பிறகும் அது நிறுத்தவில்லை:
பதினாலைப் பிடியுங்கள், முப்பது நாள்தான்,
ஒன்பது தரம்.
அந்தத் தெருவில் எழுபத்தொரு வீடு.
எழுபத்தொரு மனு.

பெருட்டி என் பழைய கடிதத்தைக் கையில் வாங்கினார்.
ஜன்னலருகே போனார். கண்ணாடியைக் கழற்றினார், போட்டார்.
என் முதுகில் வேர்வை இறங்கியது.
"கோடு கொஞ்சம் கரடுமுரடாக இருக்கிறது,
அச்சுப்பொறியைத் துடைக்கச் சொல்" என்றார்.

அவர் போனதும்
எச்செகோயனின் மனுவைத் திரையில் திறந்தேன்.
பெயருக்குக் கீழே அவரும் ஒரு கோடு விட்டிருந்தார்.
கதவைச் சாத்திவிட்டு வந்து
ஐந்நூறு விழுக்காடு பெரிதாக்கி
ஓரத்திலிருந்து ஓரம்வரை நகர்த்திப் பார்த்தேன்.

வெறும் கோடு.