கடல் தூரம்

தூண்டில் இறக்கிவிட்டால்
விடியும்வரை வேலையில்லை.
ஆயிரத்து இருநூறு கொக்கியும்
எங்களுக்காகக் கீழே விழித்திருக்கும்.
தேங்காப்பட்டணம் விட்டுப் பதினேழு நாள்.
ஸ்ராங்கு ததேயுவையும் சேர்த்தால்
படகில் நாங்கள் பதினொரு பேர்.
"ஒரு டீம்தாம்லே" என்பான் பெலவேந்திரன்,
"மாத்தாள் இல்லாத டீம்."

ஐஸ் அறை மூடிமேல் உட்கார்ந்து
ததேயு இந்திய அணியின் கதை சொல்வார்.
தூத்தூர் மைதானத்தில் லெஃப்ட் பேக் ஆடியவர்.
முட்டி போனபிறகுதான் கதை.
எந்த ராத்திரியும் ஒரே இடத்தில் தொடங்கமாட்டார்.

ஒருநாள் லண்டன், நாற்பத்தெட்டு.
முக்கால்வாசிப் பேருக்கு வெறுங்கால்.
பிரான்சுக்கு எதிராக இரண்டு பெனால்டி.
இரண்டும் போச்சு.
கடைசி நேரத்தில் கோல் வாங்கித் தோற்றார்கள்.
"வெறுங்கால் குத்தமில்ல கேட்டியா"
என்று தன் பாதத்தைத் தூக்கிக் காட்டுவார்:
உப்பில் வெடித்த குதிகால்,
திருக்கை முள் ஏறிய வடு.

இன்னொரு நாள் ஹெல்சிங்கி.
பத்துக்கு ஒன்று.
அந்தக் குளிரைச் சொல்ல வார்த்தை போதாமல்
எழுந்து ஐஸ் அறையைத் திறந்துவிடுவார்.
கால்விரலை மடக்கிக்கொண்டு நாங்கள்
பத்து கோலையும் ஒவ்வொன்றாக வாங்குவோம்.
அந்த ஒன்றைப் போட்டது யார் என்று
கிளீட்டஸ் கேட்டான்.
ததேயுவுக்குப் பெயர் தெரிந்திருந்தது.

ஜகார்த்தாவை நாங்களே கேட்டு வாங்குவோம்.
அறுபத்திரண்டு. அரங்கம் முழுக்க
நம்மைப் பார்த்து ஊளை.
தையல் போட்ட தலையோடு ஒருத்தன்
முன்னால் ஓடிவந்து போட்டான் கோல்.
தங்கம்.
இந்த இடத்தில் எஸ்தாக்கி விசிலடிப்பான்.
சுறா ஓடிப்போகும் என்று
சமையல் ஜெறோம் ஏசுவார்.

அதற்குப் பிறகு?
அறுபது வருஷத்தை ததேயு
ஒரு பீடிக்குள் முடித்துவிடுவார்.

நேற்று ராத்திரிதான் ஐம்பதைச் சொன்னார்.
பிரேசில். உலகக்கோப்பை.
மற்றவர்கள் விலகிக்கொள்ள
ஆடாமலே நமக்கு இடம்.
போகவில்லை.

ஏன்?

காரணம் ஆளுக்கொன்று, என்றார்.
பூட்ஸ் இல்லை என்பான் ஒருத்தன்.
காசில்லை, பயிற்சியில்லை,
ஒலிம்பிக் போதும் என்றிருந்தார்கள்,
அப்புறம்
கப்பல் பயணம் நீளம்.
கடல் தூரம்.

எஞ்சின் நின்ற மாதிரி ஒரு நொடி.
பிறகு பெலவேந்திரன் ஆரம்பித்தான்.
கிளீட்டஸ் குப்புற விழுந்து சிரித்தான்.
கடல் தூரமாம்!
அறுபதடிப் படகில் மாலத்தீவைத் தாண்டி வந்து,
போன பயணத்தில்
ரோந்துக் கப்பல் முகத்தில் வெளிச்சமடித்து
எந்த நாடு, எந்த நாடு என்று கேட்க
கை தூக்கி நின்ற பதினொரு பேர்
கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.
ஜெறோம் மட்டும் சிரிக்கவில்லை.
"எங்களிட்ட ஒரு வாக்கு சொல்லியிருந்தா
கொண்டு விட்டிருப்பமே" என்றார்,
போன வாரம் நடந்தது மாதிரி.
"சோறும் மீனும்தானே செலவு."

இன்று காலை, தூண்டில் ஏற்றியபிறகு,
தளத்தில் ஆட்டம்.
தப்பிப் போகாமலிருக்க
பந்துக்குப் பழைய வலைத்துண்டு சுற்றி
கயிறு கட்டி வைத்திருப்போம்.
எஸ்தாக்கி உதைத்ததில் முடிச்சு அவிழ்ந்தது.
வலை இங்கே கிடக்க
பந்து மட்டும் கிழக்கே விழுந்து
நீரோட்டத்தோடு போயிற்று.

டீசல் என்ன விலை என்று
எல்லோருக்கும் தெரியும்.
யாரும் வாய் திறக்கவில்லை.

வீல் பிடித்திருந்த ததேயு
திரும்பிப் பார்த்தார்.
அலைக்குள் போவதும் வருவதுமாய்
ஒரு வெள்ளைப் புள்ளி.
"எவ்வளவு தூரம்லே இருக்கும்?"

எஸ்தாக்கி நெற்றியில் கைவைத்து,
கண்ணைச் சுருக்கி, ரொம்ப நேரம் பார்த்துவிட்டு,
"கடல் தூரம்" என்றான்.

படகு திரும்பியது.