மடிக்கு மட்டும் பணம்

இருக்கைக்குப் பணம் வேண்டாம், புள்ளிகள் போதும் என்றார்கள்.
அமலிக்கு இருக்கை கிடையாது,
என் மடிதான் அவள் இடம்.
அந்த மடிக்குத்தான் பணம் கேட்டார்கள்:
பதினெட்டாயிரத்து நானூறு.
என் மடிக்கு நானே வாடகை கட்டி
ரசீதை இரண்டு பிரதி எடுத்துக்கொண்டேன்.

புள்ளிகளும் என்னுடையவை அல்ல.
அட்டையில் இருப்பது என் பெயர், அவ்வளவுதான்.
மூன்று வருடமாகத் தண்டையார்பேட்டையில்
எங்கள் சந்து முழுக்க அதைத்தான் தேய்த்தது.
"ஸ்டெல்லா, கார்டு தர்றியா? மாசாமாசம் குடுத்துர்றேன்."
மோகனாக்காவின் ஃபிரிட்ஜ்,
சுலைமான் பாயின் ஆட்டோவுக்கு மூன்று டயர்,
தயாளன் மகள் நித்திலாவின் நர்சிங் கல்லூரிக் கட்டணம்,
பிறகு அதே தயாளனுக்குப்
பல் கட்டிய செலவு.
டீசலுக்குப் புள்ளி இல்லை என்றது வங்கி.
காசிமேட்டில் டீசலை விட்டால் வேறென்ன செலவு
என்று கேட்க அங்கே ஆள் இல்லை,
ஒன்றை அழுத்து, ஒன்பதை அழுத்து என்ற குரல்தான்.

அதிகம் சேர்ந்தது அந்த டிசம்பரில்.
நான்கு நாள் இடுப்பளவு நின்ற தண்ணீர் வடிந்தபோது
மதில்களிலெல்லாம் மெத்தைகள்,
பிழிய முடியாத பெரிய மிருகங்களாக,
எண்ணெயும் சேறும் ஒழுகிக்கொண்டு.
வண்ணாரப்பேட்டைக் கடைக்காரர் என் அட்டையை
ஒரே நாளில் பதினோரு முறை செருகினார்.
பதினோரு புது மெத்தை.
அன்றிரவு வங்கியின் குறுஞ்செய்தி
வாழ்த்துகள் என்று ஆரம்பித்தது.

இப்போது முப்பத்தேழாயிரம் அடி உயரத்தில்
ஒரு பொத்தானை அழுத்த
நாற்காலி மெல்ல மல்லாந்து மெத்தை ஆகிறது.
பணிப்பெண் வெள்ளை விரிப்பைப் போட்டு
ஓரங்களைச் செருகிவிட்டு
ஷாம்பெயின் வேண்டுமா என்கிறாள்.
வெந்நீர் கேட்டேன், ஒரு ஸ்பூனும்.
தொட்டில்?
உண்டு, பின்னால், எகானமியின் முதல் வரிசையில்.
இந்த வகுப்பின் சுவரில்
தொட்டில் மாட்ட இடமில்லையாம்.

அமலி அழுதாள்.
காது அடைத்து அழுதாள், காது திறந்த பிறகும் அழுதாள்.
பக்கத்துத் தடுப்புக்குள் இருந்த கனவான்
காதுகளின் மேல் இரண்டு கிண்ணங்களைக் கவிழ்த்துக்கொண்டார்.
வீட்டிலென்றால் கொருக்குப்பேட்டைப் பக்கம்
சரக்கு ரயில் ஒன்று போனால் போதும்,
ஐம்பத்தெட்டுப் பெட்டி கடப்பதற்குள் கண் சொருகிவிடும்.
அதனால் கழிப்பறைக்கு அருகே,
எந்திரத்தின் உறுமல் தரைக்கு ஏறும் இடத்தில்
கால் மாற்றிக் கால் மாற்றி நின்றேன்.
கருங்கடல் என்று திரையில் எழுதியிருந்த
இருட்டின் மேல்
அவள் எடை கூடியது.
தூங்கிவிட்டாள்.

திரும்பி வந்தால் மெத்தை அப்படியே இருந்தது,
சுருக்கம் விழாமல்,
நடுவில் கழற்றிப்போட்ட ஈர நாப்பியோடு.
உட்கார்ந்தால் விழித்துவிடுவாள்.
பார்த்துக்கொண்டே நின்றேன்.
இதில் மோகனாக்கா எங்கே இருக்கிறாள்,
பஞ்சிலா, விரிப்பிலா,
தலையணை உறையின் சின்னத் தையலிலா.

டொராண்டோவில் ஃபோனுக்கு உயிர் வந்ததும்
அவளேதான்: "இன்னாடி, கால நீட்டிப் படுத்தியா?
நல்லா துன்னியா?"
சூப்பரா தூங்குனேன்க்கா என்று அனுப்பினேன்.
கூடவே மெத்தையின் படம்,
நாப்பியை வெட்டியெடுத்துவிட்டு.
சந்தே பார்த்து இதயம் போட்டது.
சுலைமான் பாய் மட்டும் கேட்டார்:
"கொசு இல்லியாம்மா அங்க?"

மீதம் இருநூற்றுப் பன்னிரண்டு புள்ளி.
ஒரு தோசைக்கல்கூட வராது.

அதற்குக் கீழே, தயங்கித் தயங்கி மூன்று முறை அழித்து எழுதி,
நித்திலா:
"அக்கா, அடுத்த செமஸ்டர் ஃபீஸு… கார்டு?"
ஜெரால்டு கண்ணாடிக் கதவுக்கு அப்பால் எங்கோ காத்திருந்தார்.
குடியேற்ற வரிசையில் நின்றபடியே
ஒரு கையால்
பதினாறு எண்களையும் அடிக்க ஆரம்பித்தேன்.
பதிமூன்றாவதில்
அமலி விழித்துக்கொண்டாள்.