கேள்விக்காரன் வராத இரவு

கேள்விக்காரன் அப்புண்ணி
கோவிந்தாபுரம் செக்போஸ்டில்
சிமெண்ட் லாரியோடு மாட்டிக்கொண்டான்.
இங்கே கொழிஞ்சாம்பாறையில் மணி பதினொன்று.
வண்ணாத்தி மேடையேறிவிட்டாள்,
அதாவது கண்டமுத்தன்,
மழித்த தாடையில் அரிதாரம் அதற்குள் வேர்த்து.

பொராட்டில்
அவன் மலையாளத்தில் கேட்கணும்
இவள் தமிழில் பாடணும்.
கேட்க ஆளில்லாத பாட்டுக்கு
எந்தப் பக்கம் வாசல்?

ஆர்மோனியத்தில் மூன்று கட்டை அழுத்தி
கடைசிச் சுரத்தை மேலே தூக்கி நிறுத்தினேன்:
எவிடெந்நா வருந்நது?
பிடித்துக்கொண்டாள். ஆனைமலை இறங்கி வந்த கதை.
செண்டை சேர்ந்துகொண்டது.
இன்னொரு மூன்று கட்டை.
மூட்டையில் யார் யார் துணியென்று
ஊரையே வெளுத்தாள்.

அடுத்தது கெட்டியவன் எங்கே என்ற கேள்வி.
விரல் வழுக்கி
துருத்தியை மட்டும் இழுத்துவிட்டேன்.
காற்று. சுரமில்லை.

அவள் பாடவில்லை.
கண்டமுத்தன் பேசினான், சொந்தத் தொண்டையில்:
"போன வைகாசியில தேவு போயிட்டா.
அன்னிக்கும் ஆட்டம்.
ராத்திரி முழுக்க என்னைக் கேட்டுட்டே இருந்தாளாம்."

கூட்டம் சிரித்தது.
வண்ணாத்தி நன்றாக அழுகிறாளாம்.

எந்தக் கட்டையில் விரல் வைப்பது?

அப்போதுதான் பின்பக்கமாக ஏறி வந்தான் அப்புண்ணி,
புருவமெல்லாம் சிமெண்ட்,
மூச்சிரைக்க முதல் கேள்வி:
எவிடெந்நா வருந்நது?

முந்தானையைச் சரிசெய்துகொண்டு
ஆனைமலையிலிருந்து மறுபடி இறங்கினாள்,
அரைக்கட்டை குறைவாக.